நடந்த கொடுமையும் நடக்காமல்போன கவனிப்பும்: குழந்தையின் மூளையில் என்ன மாறுகிறது?

'டிராமா' என்பதைத் தமிழில் மன அதிர்ச்சி என்கிறோம், உளக்காயம் என்கிறோம், மனவடு என்றும் எழுதுகிறோம். மூன்று சொல்லுக்கும் அடியில் இருப்பது ஒரே படம்: ஏதோ ஒன்று வந்து மோதியது, காயம் பட்டது, தழும்பு நின்றுவிட்டது. அடி, பாலியல் அத்துமீறல், குண்டுவீச்சு, கண்ணெதிரே நடந்த சாவு போன்றவற்றுக்கு இந்தப் படம் ஓரளவு பொருந்தும். ஆனால் பிள்ளைப் பருவத் துன்பம் மூளையை மாற்றுகிறது என்பதற்கு இன்று நம்மிடம் இருக்கும் மிக உறுதியான சான்று, பெரும்பாலான நேரம் எதுவுமே நடக்காத தொட்டில்களிலிருந்து வந்தது. அங்கே குறை, வந்து மோதியதில் இல்லை. வரவேண்டியது வராமல்போனதில் இருந்தது. நம் சொற்களில் இந்த இரண்டாவது வகைக்கு இடமில்லாததால், அடிபடாத பிள்ளை பாதிக்கப்படாத பிள்ளை என்று எளிதாக முடிவுகட்டிவிடுகிறோம்.

அந்தத் தொட்டில்கள் இருந்த இடம் ருமேனியா. 1966 அக்டோபரில் நிக்கோலே சௌசெஸ்குவின் அரசு 770ஆம் எண் ஆணையைப் பிறப்பித்துக் கருக்கலைப்பை ஏறத்தாழ முழுவதுமாகத் தடைசெய்தது. கருத்தடைச் சாதனங்களும் கிடைப்பது அரிதானது. மக்கள்தொகையைப் பெருக்குவதுதான் நோக்கம். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்க்க வசதியில்லை, அரசு இல்லங்களில் விட்டார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது அப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். பெரும்பாலோர் அநாதைகள் அல்ல. தாய் தகப்பன் உயிரோடு இருந்தவர்கள்.

குழந்தைகள் பிரிவில் பத்துப் பன்னிரண்டு தொட்டிலுக்கு ஓர் ஆயா. கடிகாரப்படி பால், வரிசைப்படி துணி மாற்றல். ஷிஃப்ட் மாறினால் முகமும் மாறும். அந்த இல்லங்களுக்குப் போன வெளியாட்கள் பலரும் திரும்பத் திரும்பக் குறிப்பிட்ட ஒன்று, அங்கிருந்த அமைதி. அத்தனை கைக்குழந்தைகள் இருக்கும் அறையில் அழுகைச் சத்தம் இல்லை. அழுதால் யாரும் வருவதில்லை என்று கண்டுகொண்ட குழந்தை அழுவதை நிறுத்திவிடுகிறது. சமத்துப் பிள்ளை என்று அதைத் தவறாகப் படித்துவிடலாம்.

புக்கரெஸ்ட் ஆய்வு

சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-2001இல் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகள். வயது 6 மாதம் முதல் 31 மாதம் வரை. குலுக்கல் முறையில் பாதிப் பேரை, அதாவது 68 பேரை, வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மீதி 68 பேர் வழக்கமான அரசுப் பராமரிப்பில் தொடர்ந்தார்கள். ஒப்பிடுவதற்கு, சொந்தக் குடும்பத்தில் வளரும் புக்கரெஸ்ட் குழந்தைகள் 72 பேர்.

பாதிப் பேரைத் தெரிந்தே இல்லத்தில் விட்டுவிட்டு ஆராய்ந்தார்களா என்ற கேள்வி எழும், எழவும் வேண்டும். அப்போது புக்கரெஸ்டில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஆய்வுக் குழுவே ஆட்களைத் தேடி, பயிற்சியும் பணமும் கொடுத்து 56 குடும்பங்களை உருவாக்கியது. அந்த இடங்களுக்கு யார் போவது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. போன குழந்தையை இல்லத்துக்குத் திருப்பி அனுப்புவதில்லை. இல்லத்தில் இருப்பவரை அரசோ பெற்றோரோ வெளியே எடுத்தால் தடுப்பதில்லை என்பது விதி. காலப்போக்கில் இரண்டாம் குழுவிலும் பெரும்பாலோர் இல்லத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள். ஆனாலும் கணக்கிடும்போது முதல் குலுக்கலின்படியே குழுவைப் பிரிப்பதால், ஆய்வில் தெரியும் வித்தியாசம் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும், கூடுதலாக இருக்க வழியில்லை.

குலுக்கல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் முடிவுகள்.

நான்கரை வயதில் ஐ.க்யூ. சராசரி: இல்லக் குழுவுக்கு 73, வளர்ப்புக் குடும்பக் குழுவுக்கு 81, சொந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு 109. இடைவெளி குறைந்தது, மூடவில்லை. உயரமும் எடையும் ஓராண்டுக்குள் வேகமாக ஏறின. தலைச் சுற்றளவு அப்படி ஏறவில்லை. மனநலத்தில் இன்னும் விசித்திரமான பிளவு. இல்லத்தில் வளர்ந்தவர்களில் 54 சதவீதம் பேருக்கு அந்த வயதுக்குள் ஏதாவதொரு மனநலக் கோளாறு இருந்தது. வீட்டுப் பிள்ளைகளில் 22 சதவீதம். குடும்பத்துக்குப் போன பிறகு பதற்றமும் மனச்சோர்வும் பாதியாகக் குறைந்தன: இல்லக் குழுவில் 44 சதவீதம், குடும்பக் குழுவில் 22. ஆனால் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச்சுறுசுறுப்புக் கோளாறு அசையவேயில்லை.

மூளையை நேரடியாகப் பார்த்தபோதும் அதே கதை. மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில், இல்லக் குழந்தைகளுக்கு வேகமான ஆல்ஃபா அலை குறைவாகவும் மெதுவான தீட்டா அலை மிகுதியாகவும் இருந்தன. இது வயதுக்கு இளைய மூளையின் தோற்றம். எட்டு வயதில் மறுபடி பார்த்தபோது, 24 மாதத்துக்குமுன் குடும்பத்துக்குப் போனவர்களின் ஆல்ஃபா அலை வீட்டுப் பிள்ளைகளுடையதைப் போலவே ஆகியிருந்தது. அதற்குப் பின் போனவர்களுக்கு அப்படி ஆகவில்லை. எம்.ஆர்.ஐ.யில், நரம்பணுக்களின் உடல்கள் இருக்கும் சாம்பல்நிறப் பகுதி இரண்டு குழுவிலுமே சிறுத்திருந்தது. அணுக்களை இணைக்கும் கம்பிக்கற்றையான வெண்பகுதியில் மட்டும் வளர்ப்புக் குடும்பக் குழு ஓரளவு எட்டிப்பிடித்திருந்தது.

ஆக, 'மூளை பாதிக்கப்பட்டதா, குணமாகுமா' என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தப் பகுதி, எந்த வேலை, எந்த மாதத்தில் என்று கேட்க வேண்டும்.

ஏன் மாதக் கணக்கு?

பிறக்கும்போது மூளையின் அளவு பெரியவர் மூளையில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு வயதுக்குள் ஐந்தில் நான்கு பங்கு ஆகிவிடுகிறது. அந்தக் காலத்தில் நரம்பணுக்கள் தேவைக்கு மேல் இணைப்புகளைப் போட்டுக்கொள்கின்றன. பயன்படுபவை தடிக்கின்றன, பயன்படாதவை கழிகின்றன. மூளையின் மேலடுக்கான புறணியில், பார்வைக்கான பகுதியில் இந்த இணைப்பு நெரிசல் முதல் பிறந்தநாளுக்கு முன்பே உச்சத்தைத் தொடுகிறது. திட்டமிடல், பொறுமை, அடக்கம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் முன்நெற்றிப் புறணியில் உச்சம் பின்னால் வருகிறது, கழித்தல் பதின்பருவம் தாண்டியும் நடக்கிறது.

பிறவிக் கண்புரையை நினைத்துப்பாருங்கள். ஒரு கண்ணில் அடர்த்தியான புரையோடு பிறந்த குழந்தைக்கு முதல் இரண்டு மாதங்களுக்குள் அறுவை செய்யச் சொல்வார்கள். ஐந்து வயதில் செய்தாலும் கண் தெளிந்துவிடும், ஆனால் பார்வை சரியாக வராது. கண்ணிலிருந்து செய்தி வரும் என்று காத்திருந்த புறணி, வராத இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டிருக்கும். ஒளி எப்படியோ, அப்படியே மனித முகமும் மூளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு செய்தி. குழந்தை 'ங்கா' என்றால் யாராவது திரும்பிப் பார்த்து 'என்னடா கண்ணா' என்க வேண்டும். குழந்தை கண்ணை விலக்கினால் அவர் கொஞ்சம் நிறுத்த வேண்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மொழி, கவனம், தன்னை ஆற்றிக்கொள்ளும் திறன் எல்லாம் பயிற்சி பெறுகின்றன. பன்னிரண்டு தொட்டிலுக்கு ஓர் ஆயா என்றால் அந்தப் பயிற்சி நடக்காது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நடக்காது.

ருமேனியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப் போன 165 பிள்ளைகளை மைக்கேல் ரட்டரும் பின்னர் எட்மண்ட் சோனுகா-பார்க்கும் இளம்வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் இல்லத்தை விட்டு வெளியேறியவர்கள், இங்கிலாந்துக்குள்ளேயே தத்தெடுக்கப்பட்டவர்களிடமிருந்து பெரிதாக வேறுபடவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர்களிடம் கவனக்குறைவு, ஆட்டிசம் போன்ற சில இயல்புகள், முன்பின் தெரியாதவரோடு தயக்கமின்றி ஒட்டிக்கொள்ளும் பழக்கம் ஆகியவை இளம்வயதிலும் நீடித்தன. கடைசியாகச் சொன்னதைப் பலர் 'பாசமான பிள்ளை' என்று ரசிப்பார்கள். மருத்துவர் அதைக் கவலையோடு பார்ப்பார். 2020இல் வெளியான எம்.ஆர்.ஐ. முடிவில் தத்துப் போன 67 ருமேனியரின் மூளைக் கனஅளவு சராசரியாக 8.6 சதவீதம் குறைவாக இருந்தது. இல்லத்தில் கழித்த ஒவ்வொரு கூடுதல் மாதத்துக்கும் 3 கன சென்டிமீட்டர் குறைவு தெரிந்தது. நடுவில் இருபதாண்டு நல்ல வீடு, நல்ல சாப்பாடு, நல்ல பள்ளிக்கூடம் கிடைத்தவர்கள் இவர்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு படம் உண்டு: பக்கத்தில் பக்கத்தில் மூன்று வயதுக் குழந்தைகள் இருவரின் மூளை, ஒன்று கொழுகொழுவென்று, மற்றது பாதியாகச் சுருங்கி. அந்தச் சுருங்கிய மூளை மிகக் கொடூரமாகப் புறக்கணிக்கப்பட்ட ஒரே ஒரு குழந்தையின் ஸ்கேன். 8.6 சதவீதம் என்பதை வெறும் கண்ணால் ஸ்கேனில் கண்டுபிடிக்க முடியாது. பலரின் சராசரியில் தெரியும் வித்தியாசத்தைக்கொண்டு ஒரு தனிப் பிள்ளைக்கு 'உன் மூளை சுருங்கியிருக்கிறது' என்று தீர்ப்பு எழுதவும் முடியாது. பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டு வரும் பெற்றோருக்கு இதுதான் பதில். மனநலக் காரணத்துக்காக மட்டும் எடுக்கும் ஸ்கேன் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாது.

ஆபத்து நிறைந்த வீடு

இனி, வந்து மோதும் வகை. குடித்துவிட்டு வரும் அப்பாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கிறது. அமிக்டலா என்ற பாதாம்பருப்பளவு பகுதி நொடிக்குள் எச்சரிக்கிறது. அட்ரினலின் பாய்கிறது, நெஞ்சு படபடக்கிறது. கூடவே மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, அது கார்ட்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோனை விடுகிறது. கார்ட்டிசால் உச்சத்துக்குப் போக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஆகவே சண்டை ஓய்ந்து வீடு அடங்கிய பிறகும் பிள்ளையின் உடலில் அது ஓடிக்கொண்டிருக்கும். தூக்கம் வராததற்கும் மறுநாள் கணக்குப் பாடம் தலைக்குள் ஏறாததற்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

போதும் என்று நிறுத்த வேண்டிய பிரேக்குகளில் ஒன்று ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி. கார்ட்டிசாலை உணரும் ஏற்பிகள் அதில் நிறைய உண்டு. அதே காரணத்தால் அதிகக் கார்ட்டிசாலுக்கு முதலில் இளைப்பதும் அதுவே. எது எங்கே எப்போது நடந்தது என்று நினைவைக் கட்டிவைப்பதும் அதன் வேலை. அதனால்தான் கொடுமைக்கு ஆளானவரின் நினைவு பெரும்பாலும் துண்டு துண்டாக இருக்கிறது: ஒரு வாசனை, ஒரு சட்டை நிறம், ஒரு கதவுச் சத்தம். தேதியும் வரிசையும் கேட்டால் தடுமாறுவார். பொய் சொல்வதாகச் சந்தேகப்பட அதுவே போதும் என்று நினைக்கும் விசாரணை அதிகாரிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த அமைப்பு ஓயாமல் ஓடினால் கார்ட்டிசால் என்றைக்கும் உயர்ந்தே இருக்கும் என்று பொதுவாக எழுதுகிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. சாதாரணமாக விழித்த அரைமணியில் உச்சம், மாலைக்குள் இறக்கம் என்று ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. ருமேனிய இல்லக் குழந்தைகளின் உமிழ்நீரில் அது தட்டையாகக் கிடந்தது. புக்கரெஸ்ட் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதில், அந்நியர் முன் பேச வைத்து நெருக்கடி கொடுத்தபோது, இல்லக் குழுவினரின் கார்ட்டிசால் எழவேண்டிய அளவுக்கு எழவில்லை. 24 மாதத்துக்குமுன் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு எழுந்தது. தொடர்ந்து அலறும் மணியைக் காது கேட்காததுபோல் ஒதுக்குகிறோமே, உடலும் அதைச் செய்கிறது. அந்தப் பிள்ளை எதற்கும் அசராதவன்போல், கல்லுளிமங்கன்போல் தெரிவான்.

ஆபத்து வகையில் மாறுவது முக்கியமாக எச்சரிக்கைச் சுற்று. அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு முகம் மெல்ல மெல்லக் கோபமாக மாறும் படவரிசையைக் காட்டினால், மற்றவர்களைவிடச் சில படம் முன்பே கோபத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இது சேத் போலக் காட்டியது. 2011இல் இமன் மெக்ரோரி குழு வெளியிட்டதில், வீட்டு வன்முறைக்கு ஆளான பிள்ளைகளின் அமிக்டலா, கோபமான முகத்துக்குக் கூடுதலாகத் துள்ளியது. அப்போது அவர்களில் யாருக்கும் மனநோய் இல்லை. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் காணப்படும் அதே துள்ளல். வீட்டில் இந்தத் திறமை உயிர் காக்கும். வகுப்பறையில், டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினாலும் ஒதுங்குவான், பக்கத்துப் பையன் சும்மா பார்த்ததற்கு முறைத்தான் என்று பாய்வான். கவனம் முழுவதும் முகங்களைக் கண்காணிப்பதிலேயே செலவாகிவிட்டால் கரும்பலகைக்கு என்ன மிஞ்சும்?

கேட் மெக்லாஃப்லினும் மார்கரெட் ஷெரிடனும் முன்வைத்த பிரிப்பு இங்கே உதவுகிறது. ஆபத்து ஒரு பக்கம், பற்றாக்குறை ஒரு பக்கம். ஆபத்து அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பாதைகளையும் பயம் கற்பதையும் மாற்றுகிறது. பற்றாக்குறை சிந்தனைக்கான புறணியையும் மொழியையும் திட்டமிடலையும் மெலியவைக்கிறது. பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பது உண்மை. ஆனால் எது மிகுதி என்று தெரிந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியும். பயந்த பிள்ளைக்கு முதலில் பாதுகாப்பு, பிறகு பயத்தை அவிழ்க்கும் சிகிச்சை. பேச ஆளில்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு முதலில் பேச்சு, விளையாட்டு, புத்தகம், மாறாத ஓர் ஆள்.

காரணமா, கூட்டாளியா

குலுக்கலுக்கு இப்போது வருவோம். கொடுமைக்கு ஆளானவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சிறிது என்று டஜன்கணக்கான ஆய்வுகள் சொல்கின்றன. கொடுமையால் சிறுத்ததா, முன்பே சிறிதாக இருந்ததா? 2002இல் வியட்நாம் போருக்குப் போனவரையும் வீட்டிலேயே இருந்த அவருடைய உருவொத்த இரட்டைச் சகோதரரையும் ஒப்பிட்டார்கள். போர்ப் பாதிப்பு கடுமையாக இருந்தவரின் ஹிப்போகாம்பஸ் சிறிதாக இருந்தது. போருக்கே போகாத சகோதரனுடையதும் சிறிதாக இருந்தது. 2017இல் ஆண்ட்ரியா டனேசே, பிறந்ததிலிருந்து தொடரப்பட்ட பிரிட்டன், நியூசிலாந்துப் பிள்ளைகளின் தரவைப் பார்த்தபோது, கொடுமைக்கு ஆளானவர்களின் அறிவுத்திறன் குறைவில் பெரும்பகுதி கொடுமைக்கு முன்பே இருந்தது அல்லது வறுமை போன்ற காரணங்களோடு சேர்ந்திருந்தது தெரிந்தது. ஆகவே தெரியும் வித்தியாசத்தை எல்லாம் கொடுமையின் கணக்கில் எழுதுவது தவறு. புக்கரெஸ்டில் குலுக்கல் இருந்ததால் இந்தச் சந்தேகம் எழவில்லை. யார் குடும்பத்துக்குப் போனது என்பதைப் பிள்ளையின் இயல்பு தீர்மானிக்கவில்லை.

இதே எச்சரிக்கை, பிள்ளைப் பருவத் துன்பங்களை எண்ணி மதிப்பெண் போடும் 'ஏஸ் ஸ்கோர்' பிரியர்களுக்கும். 1998இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் சான் டியேகோவில் 9,508 பெரியவர்களிடம் ஏழு வகைப் பிள்ளைப் பருவத் துன்பங்களைப் பற்றிக் கேட்டார்கள். நான்கும் அதற்கு மேலும் சொன்னவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை 4 முதல் 12 மடங்கு வரை அதிகம். மக்கள்தொகைக்கு இது அருமையான அளவுகோல். தனி ஆளுக்கு நல்ல அளவுகோல் இல்லை. 2020இல் ஆண்டாவே அப்படிப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதினார். ஒருமுறை நடந்ததும் பத்தாண்டு நடந்ததும் அதில் ஒரே மதிப்பெண். எந்த வயதில் என்பதற்கு இடமில்லை. பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தாரா என்ற கேள்வியே இல்லை. இணையத்தில், பின்னர் பத்தாக விரிந்த அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி 'எனக்கு ஆறு' என்று கலங்குபவர்கள் அதைத் தலையெழுத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருத்துவருக்குத் தெரியவேண்டிய வரலாறு என்ற அளவில் அது பயனுள்ளது. பிள்ளைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருவதற்கும் நீடிப்பதற்கும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. வழக்கமான சிகிச்சை குறைவாகவே பலிக்கிறது. மூன்றாவது மாத்திரையும் வேலைசெய்யவில்லை என்று நான்காவதைத் தேடும் முன் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

போர் வீட்டுக்குள் வரும் விதம்

நம் மொழியில் நடந்த ஆய்வு ஒன்று இங்கே வந்தாக வேண்டும். கிளாடியா கட்டானி குழுவினர் இலங்கையின் வடகிழக்கில் 9 முதல் 15 வயது வரையிலான 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் போர், 2004 சுனாமி, குடும்ப வன்முறை மூன்றையும் பற்றிக் கேட்டு 2008இல் வெளியிட்டார்கள். 82 சதவீதம் பேர் போர் அனுபவம் உள்ளவர்கள். வீட்டில் ஒரு முறையாவது வன்முறையைச் சந்தித்தவர்கள் 95 சதவீதத்துக்கு மேல். 30 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. எனப்படும் நெருக்கடிக்குப் பிந்தைய மனக்கோளாறு, ஐந்தில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வு. போரை அதிகம் பார்த்த வீடுகளிலும் அப்பா குடிக்கும் வீடுகளிலும் பிள்ளைகள் வாங்கிய அடி அதிகம். குண்டு வெளியில் விழுந்தது. அதன் மீதி ஆண்டுக்கணக்கில் சமையலறையில் வெடித்தது. ஷெல்லடி முடிந்ததோடு பிள்ளைகளின் ஆபத்து முடிந்துவிட்டதாக நிவாரண வேலை நினைத்தால் பாதியைத்தான் பார்க்கிறது.

அதே குழு சுனாமிக்குப் பிறகு பி.டி.எஸ்.டி. அறிகுறி காட்டிய 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு ஆறு அமர்வுகள் நடத்தியது. ஒரு பாதிக்குக் கிட்நெட்: தரையில் ஒரு கயிற்றை நீட்டி வைப்பார்கள், அதுதான் பிள்ளையின் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பிறகு பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கல் வைத்த இடத்தில் நின்று நிதானமாகப் பேசுவார்கள். சிதறிக் கிடக்கும் துண்டு நினைவுகளுக்கு இடமும் காலமும் கொடுப்பதுதான் நோக்கம். ஹிப்போகாம்பஸ் செய்யத் தவறிய வேலை. மறு பாதிக்குத் தியானமும் உடல் தளர்த்தலும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 81, இரண்டாம் குழுவில் 71 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். எண்ணிக்கை சிறிது, இரண்டுக்குமான வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க முடியாது. ஆனால் பட்டம் பெற்ற நிபுணர் இல்லாத முகாமில்கூட ஒழுங்கான குறுகிய சிகிச்சை நடத்த முடியும் என்பது தெரிந்தது.

சிகிச்சை எங்கே தவறுகிறது

அதிகம் சோதிக்கப்பட்ட முறை, பிள்ளைகளுக்கான நெருக்கடி சார் அறிவாற்றல்-நடத்தை சிகிச்சை. 3 முதல் 18 வயது வரை, வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு முதல் பதினாறு அமர்வு. முதலில் என்ன நடக்கிறது என்று விளக்கம், மூச்சும் தசைத் தளர்த்தலும், உணர்ச்சிக்குப் பெயர் வைத்தல், 'என் தப்பு' போன்ற எண்ணங்களைச் சோதித்தல். நடுவில்தான் நடந்ததைச் சொல்லுதல். கடைசியில் பெற்றோரோடு சேர்ந்த அமர்வு, பாதுகாப்புத் திட்டம். பெற்றோர் அல்லது பராமரிப்பவர் கூடவே வரவேண்டும். பிள்ளையை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வெளியில் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிப் பலன் போய்விடும்.

தவறுகள் பெரும்பாலும் வரிசையில் நடக்கின்றன. முதல் நாளே 'என்ன நடந்தது, எல்லாம் சொல்லிடு' என்பது அதில் ஒன்று. சம்பவம் நடந்த உடனே எல்லாரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் கொட்டச் சொல்லும் வழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. பிள்ளைகளின் உடனடிப் பதற்றத்துக்கு டயஸிபாம் வகை அமைதிப்படுத்தும் மாத்திரையும் வேண்டாம் என்று 2013 வழிகாட்டுதலில் சொன்னது. இன்னொரு தவறு, கொடுமை செய்தவர் அதே வீட்டில் இருக்கும்போதே பயத்தைக் குறைக்கப் பார்ப்பது. அந்தப் பயம் நோய் அல்ல, சரியான கணிப்பு. மூன்றாவது, ஒரே கதையைப் பள்ளியில், காவல் நிலையத்தில், மருத்துவமனையில், நீதிமன்றத்தில் மறுபடி மறுபடி சொல்லவைப்பது. இதைத் தடுக்கவே, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தியாவின் போக்சோ சட்டம், வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டில் அல்லது பிள்ளை விரும்பும் இடத்தில், சீருடை அணியாத அதிகாரி, முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, பதிய வேண்டும் என்கிறது. சாட்சி சொல்லத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது என்கிறது. பெற்றோர் இந்த விதிகளைச் சொல்லிக் கேட்கலாம். ஆபத்தில் உள்ள பிள்ளைக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416.

வீட்டிலும் வகுப்பிலும் செய்யக்கூடியவை சாதாரணமாகத் தெரியும், ஆனால் மேலே சொன்ன உடலியலோடு பொருந்துபவை. சாப்பாடு, குளியல், படுக்கை ஆகியவற்றுக்கு மாறாத நேரம். எச்சரிக்கைச் சுற்று அடங்குவது எதிர்பார்த்தது நடக்கும்போதுதான். நாளை அத்தை வரமாட்டார், வேறு டீச்சர் வருவார் என்பதை முன்கூட்டியே சொல்வது. கொதித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அந்த நேரத்தில் நியாயம் பேசாமல், முன்நெற்றிப் புறணி வேலைக்குத் திரும்ப அரைமணி விட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து பேசுவது. படுக்கையை நனைக்கும் ஏழு வயதுக்காரரை அவமானப்படுத்தாமல் விரிப்பை மாற்றுவது. கவனக்குறைவு என்று மருந்து கேட்பதற்கு முன், எப்போது தொடங்கியது, எந்த இடத்தில் கூடுகிறது, இரவில் தூங்குகிறாரா என்று பார்ப்பது. ஏ.டி.எச்.டி. எல்லா இடத்திலும் சின்ன வயதிலிருந்தே இருக்கும்; பயம் சில முகங்கள் முன், சில நேரங்களில் கூடும்.

தாமதமாகிவிட்டால் எல்லாம் முடிந்ததா? மேகன் கன்னர் குழு, வெளிநாட்டு இல்லங்களிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்து வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, தட்டையாகிப்போன கார்ட்டிசால் எழுச்சி பூப்பெய்தும் காலத்தில் இயல்பை நோக்கித் திரும்புவதைக் கண்டு 2019இல் வெளியிட்டது. சுற்றிலும் நல்ல சூழல் இருந்தவர்கள் இவர்கள். இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்கு மேல் இல்லத்தில் இருந்துவிட்டு வந்தவர்களிலும் ஐந்தில் ஒருவர் எந்த வயதிலும் எந்தக் கோளாறும் காட்டவில்லை.

ருமேனியா 2004இல் நிறைவேற்றிய 272ஆம் எண் சட்டம், கடும் ஊனம் உள்ளவர்கள் தவிர இரண்டு வயதுக்குட்பட்ட யாரையும் இல்லத்தில் வைக்கக் கூடாது என்றது. இந்தியாவின் 2015 சிறார் நீதிச் சட்டமும் இல்லத்தைக் கடைசி வழி என்றே சொல்கிறது; கைவிடப்பட்ட குழந்தையைத் தத்துக்குத் தகுதியானதாக அறிவிக்க இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு மாதம், அதற்கு மேல் என்றால் நான்கு மாதம் கெடு. தமிழ்நாட்டில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதிலிருந்து வரவேற்பு மையங்களில் இந்த மாதங்களைக் கழித்த குழந்தைகள் எத்தனையோ பேர்.

அந்த மாதங்களில் என்ன செய்யலாம் என்பதற்கு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு விடை உண்டு. மூன்று குழந்தை இல்லங்களில் ஒன்றில் ஆயாக்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். ஒன்றில் எதையும் மாற்றவில்லை. மூன்றாவதில் பயிற்சியோடு டூட்டி அட்டவணையையும் மாற்றினார்கள்: பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை ஏறத்தாழ ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அதே ஆயாக்கள் தினமும் வரும்படி. அந்த இல்லத்துக் குழந்தைகளின் பேச்சும் விளையாட்டும் மட்டுமின்றி உயரமும் எடையும்கூட ஏறின. சாப்பாட்டை யாரும் மாற்றியிருக்கவில்லை.